பொட்டு வைக்க இடமில்லாத மோட்டர்

நூற்று அறுபத்தேழு.

இந்த எண்ணை மனத்தில் போட்டு வையுங்கள். தனேஷ் வாங்கி வந்த மோட்டரின் குதிரைசக்தி அது. ஜெலுத்தோங் சந்தைக்கு மீன் வாங்க வருகிறவர்கள் ஓட்டும் கப்சாய் இருக்கிறதே, அந்தச் சின்ன மோட்டருக்கு எட்டோ ஒன்பதோ குதிரை. அதில் பதினெட்டை எடுத்து உருக்கி, இரண்டு சக்கரத்தின் மேல் ஊற்றி, ஒரே ஆளின் வலது மணிக்கட்டில் கட்டிவிட்டால் என்ன ஆகும்? விளம்பரத்தில் இதைச் சுதந்திரம் என்கிறார்கள். தனேஷின் அக்கா புஷ்பவள்ளி எமன் என்றாள்.

அவள் சும்மா சொல்லவில்லை. அவள் புருஷன் அர்ஜுனன் பாயான் லெப்பாஸில் ஒரு பெக்டரியில் ஷிப்ட் வேலை பார்த்தவர். ஒரு மழைக் காலையில் வேலைக்குப் போகும் வழியில், சிக்னல் போடாமல் திரும்பிய லோரிக்கு அடியில் போய்விட்டார். ஓட்டியது கப்சாய்தான். ஒரு மனுஷனைக் கொல்ல எட்டுக் குதிரை போதுமாக இருந்தது. விபத்து இழப்பீடு கொடுக்கும் சொக்சோவிலிருந்து வந்தவர் கேட்ட எல்லாவற்றுக்கும் புஷ்பவள்ளி பதில் சொன்னாள். "வேகமா போனாரா?" என்று கேட்டபோது மட்டும் எழுந்து உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் எந்த மோட்டரிலும் ஏறவில்லை. வேலைக்குப் பெக்டரி பஸ். மற்ற எல்லா இடத்துக்கும் கால்.

வேலை என்றால் பெக்டரிக் கெண்டினில் சமையல். ஐம்பத்திரண்டு வயது. பெரிய அடுப்பு, கிரைண்டர், சாதம் வேகவைக்கும் ஸ்டீமர் எல்லாவற்றுக்கும் வெள்ளிக்கிழமை தவறாமல் பொட்டு வைப்பாள். ஆயுத பூசை அன்று தான் குடியிருக்கும் அடுக்குமாடியின் லிப்ட் கதவுக்கும் வைப்பாள். பாதுகாவலர் சிரிப்பார். "சிரிங்க, சிரிங்க. மாட்டிக்கிட்டு நிக்கிறப்ப என்னைத்தான் கூப்புடுவீங்க" என்பாள். இயந்திரம் என்றால் அவளுக்குப் பயம். பயப்படுகிற எதற்கும் பொட்டு வைக்காமல் அவளால் இருக்க முடியாது. அவ்வளவுதான் அவள் சித்தாந்தம்.

தனேஷ் அவளுக்கு இருபது வயது இளையவன். அதே தொழிற்பேட்டையில் வேறொரு பெக்டரியில் டெக்னீசியன்; குடியிருப்பது அவளோடுதான். கார் நிறுத்தும் இடத்தில் மோட்டரைக் காட்டியபோது அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அவள் பார்த்தாள். பிறகு மோட்டரைப் பார்த்தாள். பாதி கட்டி முடிக்காத வீடு மாதிரி இருந்தது.

"என்னடா இது, மேல ஒண்ணுமே காணோம்?"

"இதுக்குப் பேரே நேக்கட் பைக்குதான்க்கா. மூடி கீடி இருக்காது. எஞ்சின், ரேடியேட்டர், சட்டம் எல்லாம் வெளிய தெரியும். அதான் அழகு."

"ஏன், துணி எடுத்துக் குடுக்க கம்பெனிக்காரனுக்கு வசதி பத்தலையா?"

"நீ கிண்டல் பண்ணு. ஆயிரம் சிசி, நாலு சிலிண்டர். நிக்கிற எடத்துலேர்ந்து நூறு போக மூணு செகண்டுதான்."

"மூணு செகண்டுல போயி எங்க நிப்பே?"

தனேஷ் கைப்பிடியில் இருந்த தூசியைத் துடைத்தான். அவள் குங்குமச் சிமிழைத் திறந்ததும் பதறிப்போய்க் கையைப் பிடித்தான். "பெயிண்ட்ல வெக்காதக்கா. இது மேட் பெயிண்ட். பளபளப்பு இல்லாதது. கறை பட்டா போவவே போவாது." டேங்கில் வைக்கக்கூடாது. விளக்கில் வைத்தால் வெளிச்சம் மறைக்குமாம். எஞ்சினில் வைத்தால் சூட்டில் கருகுமாம். மோட்டரைச் சுற்றி வந்தாள். பொட்டு வைக்க ஓர் அங்குல இடம்கூட இல்லாத வண்டியை அவள் அன்றுதான் பார்த்தாள். சிமிழை மூடி மடியில் முடிந்துகொண்டாள். அன்று ராத்திரி தூக்கம் போனது.

அதற்குப் பிறகு மூன்று வாரம் அவள் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. தனேஷ் வேலை முடிந்து வரும் நேரத்துக்கு அடுப்படி ஜன்னலில் நிற்பாள். கீழே ஆயிரம் மோட்டர் போகும். அவன் மோட்டரின் சத்தம் மட்டும் தனியாகக் கேட்கும். துணியை நீளமாகக் கிழிப்பது போல இருக்கும். அந்தச் சத்தம் வரும்வரை ஜன்னலை விட்டு நகரமாட்டாள். வந்த பிறகு சண்டை பிடிப்பாள்.

"வித்துடு."

"எதுக்கு? நான் விழுந்தனா, மோதினனா?"

"விழுந்தப்பறம் விப்பியா?"

ஒருநாள் தனேஷுக்கும் பொறுமை போய்விட்டது. "சரிக்கா. ஒரே ஒரு தடவ பின்னால உக்காந்து வா. பாலிக் பூலாவ் வரைக்கும் போயி லக்சா சாப்ட்டு வருவோம். வந்து, பயமா இருந்துச்சுனு நீ ஒரு வார்த்த சொல்லு. மறுநாளே வித்துடறேன்."

"யாரு மேல சத்தியம்?"

"உம் மேலதான்."

புஷ்பவள்ளி ஒத்துக்கொண்டாள். திரும்பி வந்து பயமாக இருந்தது என்று சொல்வது என்று ஏறுவதற்கு முன்பே முடிவு செய்துவிட்டாள். ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். பாயா தெருபோங் தாண்டி மலை ஏறி முடிக்கும் இடத்தில் சாலையோரம் ஒரு முனீஸ்வரர் இருக்கிறார். லோரிக்காரர்கள் நிறுத்திச் சுருட்டுக் கொளுத்தி வைத்துவிட்டுப் போகும் சின்னக் கோயில். அங்கே நிறுத்த வேண்டும். அவருக்குக் காட்டாமல் மலை இறங்கக்கூடாது. தனேஷும் சரி என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினார்கள். பின் இருக்கை என்று ஒன்று இருந்தது. ரொட்டித் துண்டு அளவு. முழங்கால் வயிற்றைத் தொட உட்கார்ந்து அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். இரண்டு ஹெல்மெட்டுக்குள்ளும் பேசுகிற கருவி இருந்ததால் அவன் குரல் காதுக்குள்ளேயே கேட்டது. அவன் மூச்சும் கேட்டது.

"ஒனக்காக மழை மோடுல போட்டிருக்கேன்க்கா. எஞ்சினோட பவர அதுவே கொறச்சுக்கும்."

"கொறச்சா எத்தன?"

"நூறு கிட்ட வரும்."

"இதுக்குப் பேரு கொறச்சலா?"

ஆயர் ஈத்தாம் நெரிசலில் மோட்டர் முனகிக்கொண்டே ஊர்ந்தது. எஞ்சின் சூடு அவள் கெண்டைக்காலில் அடித்தது. கட்டிப்போட்ட மிருகம் ஒன்று உட்காரும் பலகைக்கு அடியில் மூச்சு விடுவது போலிருந்தது. மலையேற்றத்தில் அவன் மணிக்கட்டைக் கொஞ்சம்தான் திருப்பினான். அவள் வயிறு பின்னால் விழுந்தது. கத்தக்கூட முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். மூடினால் இன்னும் மோசம் என்று திறந்தாள்.

அவள் பயத்தைக் குறைக்க அவன் வாய் ஓயாமல் பேசினான். சாய்வதை அளக்க ஒரு கருவி, சக்கரம் வழுக்கினால் பவரைக் குறைக்க ஒரு கம்ப்யூட்டர், வளைவில் சாய்ந்திருக்கும்போது பிரேக் போட்டாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாத ஏபிஎஸ். "முன்னால ரெண்டு டிஸ்க்குக்கா. ஒன் தோசக்கல்ல விட கொஞ்சம் சின்னது. ஒவ்வொண்ணையும் நாலு பிஸ்டன் கவ்வும். ரெண்டு விரல் போதும், பாரு." பிடித்துக் காட்டினான். மோட்டர் மூக்கைத் தரையில் குத்த, அவள் முன்னால் சரிந்து அவள் ஹெல்மெட் அவன் ஹெல்மெட்டில் டொக்கென்று மோதியது.

"டேய்!"

"அந்த டொக் இருக்கற வரைக்கும் கவலயே இல்ல" என்று சிரித்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு வளைவிலும் ஒரு டொக். அவள் எண்ணவில்லை. ஆனால் அதற்குக் காத்திருக்கப் பழகிக்கொண்டாள்.

முனீஸ்வரர் கோயிலில் இறங்கியதும் அவள் பூசைப் பையைப் பிரித்தாள். தனேஷ் எதிர்ப்பக்கம் இருந்த கடைக்குத் தண்ணீர் வாங்கப் போனான். சூடம் ஏற்றினாள். எலுமிச்சம்பழத்தை முன் சக்கரத்துக்கு அடியில் ஒன்று, பின் சக்கரத்துக்கு அடியில் ஒன்று வைத்தாள். இனி பொட்டு. இவ்வளவு தூரம் வந்துவிட்டுப் பொட்டில்லாமல் இந்த மலையை இறங்குவதா?

வெயில் பட்டு முன் சக்கரத்தில் ஏதோ மின்னியது. இரண்டு பக்கமும் இரண்டு இரும்பு வட்டம். பெயிண்ட் இல்லை. கறை படாது. துடைத்து வைத்த பூசைத் தட்டு மாதிரி இருந்தது. மோட்டர் முழுவதிலும் பொட்டுக்கென்றே செய்து வைத்த இடம் இதுதான் என்று அவளுக்குத் தோன்றியது.

தண்ணீரில் குழைத்து வைத்தால் காற்றில் காய்ந்து பறந்துவிடும். இவன் போகிற வேகத்துக்கு நிற்காது. சாமி விளக்குக்குப் பக்கத்தில் நல்லெண்ணெய் போத்தல் இருந்தது. குங்குமத்தில் எண்ணெய் விட்டுக் குழைத்தாள். வலது வட்டத்தில் வெளிப்பக்கம் மூன்று பொட்டு, உள்பக்கம் விரலை விட்டு மூன்று. இடது வட்டத்திலும் அப்படியே. தாராளமாகவே வைத்தாள்; தம்பி விஷயத்தில் அவள் எதையும் கஞ்சத்தனமாகச் செய்ததில்லை. பின் சக்கரத்திலும் ஒரு வட்டம் இருந்தது. ஆனால் அது புகைக்குழாய்க்குப் பின்னால் ஒளிந்திருந்தது. கையை விட்டாள், குழாய் சுட்டது. முனீஸ்வரரைப் பார்த்து, "பின்னால நீங்க பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

தனேஷ் வந்தான்; சக்கரத்தைக் குனிந்து பார்க்காமல் ஏறி உட்கார்ந்தான். எலுமிச்சம்பழம் நசுங்க மோட்டர் நகர்ந்தது.

முதல் இறக்கம் நீளமானது. காற்று ஏறியது. கீழே இடதுபக்கம் வளைவு தெரிந்தது. டொக்குக்காகக் கழுத்தை இறுக்கிக் காத்திருந்தாள்.

டொக் வரவில்லை.

வளைவு அவர்களை நோக்கி வந்தது. மோட்டர் நடுக்கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போனது. மேலே வந்துகொண்டிருந்த வேன் நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு ஒதுங்கியது. வேனின் கண்ணாடிக்குள் ஒரு பெண் வாயைத் திறந்திருந்ததுகூட அவளுக்குத் தெரிந்தது. எப்படியோ தங்கள் பக்கத்துக்குத் திரும்பிவிட்டார்கள்.

"என்னடா?"

"ஒண்ணும் இல்லக்கா."

குரல் அவனுடையது இல்லை. காதுக்குள் அவன் மூச்சு நாய் இரைப்பது போல இரைத்தது.

"தனேசு, என்னடா ஆச்சு?"

"பிரேக் புடிக்கல."

"என்னது?"

"லீவர் கல்லு மாரி இருக்குக்கா. அழுத்தறேன், நிக்க மாட்டேங்குது. ஏபிஎஸ் போயிருச்சு போல. அது போனா முன்ன பின்ன ரெண்டும் போச்சு. கெட்டியா புடிச்சுக்க."

அவன் கியரைக் குறைத்தான். எஞ்சின் ஓலமிட்டது. வேகம் கொஞ்சம் உடைந்தது. மலை அதை உடனே திருப்பிக் கொடுத்தது. ஒரு வளைவு, மறுபடி ஒரு வளைவு. அவள் அவன் முதுகில் முகத்தை அழுத்தினாள். அர்ஜுனனுக்குக் கடைசியில் இவ்வளவு நேரம் கிடைத்திருக்குமா என்று ஒரு நினைப்பு வந்தது. இல்லாமல் இருந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

அப்போதுதான் அந்த வாசம். ஹெல்மெட்டின் கீழ்விளிம்பு வழியாக உள்ளே வந்தது. கெண்டினில் முப்பது வருஷம் நின்ற மூக்கு. காய்ந்த தோசைக்கல்லில் நல்லெண்ணெய் விட்டு மறந்துபோனால் வருகிற புகை. இந்தக் காட்டில், இந்த மலையில், யார் தோசை சுடுகிறார்கள்?

தெரிந்துவிட்டது. அந்த வட்டம். கவ்வும் என்றானே, இரண்டு விரல் போதும் என்றானே, அந்த வட்டம்.

அந்த மோட்டருக்குள் இருந்த கம்ப்யூட்டருக்குச் சாய்வு தெரியும், வழுக்கல் தெரியும். எண்ணெய் தெரியாது. அது தெரிந்த ஒரே ஆள் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு வாய் வரவில்லை. விழப்போகிற பயம் ஒரு பக்கம். என் கையால்தானா என்கிற பயம் இன்னொரு பக்கம். இரண்டாவதுதான் பெரிதாக இருந்தது. இப்படியே ஒரு வளைவு போய்விட்டது. அந்த வளைவில் மோட்டர் மலையோரக் கால்வாயின் விளிம்பை உரசிக்கொண்டு போனது.

"தம்பி, நான்தான்டா."

"என்ன நீதான்? பேசாத!"

"பொட்டு வெச்சேன். அந்த வட்டத்துல. எண்ணெயில கொழச்சு வெச்சேன்."

"எந்த வட்டத்துல?"

"முன்னால. ரெண்டுலயும். ரெண்டு பக்கமும்."

"அலாமாக்!" அவன் கத்தியது இரண்டு ஹெல்மெட்டிலும் எதிரொலித்தது. "பின்னால? பின் சக்கரத்துல வெச்சியா?"

"என்னடா?"

"பின்னால வெச்சியாக்கா? சொல்லு!"

"இல்லடா. பைப்பு சுட்டுச்சு. கை எட்டல. வெக்கல!"

அவன் வலது பாதம் பின் பிரேக்கின் மேல் இறங்கியது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த மாதிரி மோட்டர் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் பின் பிரேக்கைத் தொடுவதே இல்லை. நிறுத்துகிற வேலையில் பெரும்பகுதியை முன் பிரேக்தான் செய்கிறது. பின்னால் இருப்பது சும்மா என்று இணையத்தில் பார்த்துப் படித்துக்கொள்கிறார்கள். தனேஷும் அந்தக் கட்சிதான். எல்லாம் போய்விட்டது என்று நினைத்து, பிடிக்காத லீவரையே பிசைந்துகொண்டிருந்தான். காலடியில் நல்ல பிரேக் ஒன்று சும்மா கிடந்தது.

மோட்டர் பின்பக்கம் குந்தியது. பலகைக்கு அடியில் ஏதோ தடதடவென்று உதைத்தது. ஏபிஎஸ் உயிரோடுதான் இருந்தது. வால் இடமும் வலமும் ஆடியது. வேகம் இறங்கியது. ஆனால் முன்னால் டுரியான் கூடை ஏற்றிய லோரி ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. எதிரே பஸ்.

"இடது பக்கம்டா! பழக்கட! பழக்கட!"

பூட்டிக் கிடந்த பழக்கடை ஒன்றின் முன்னால் கொஞ்சம் சரளைக்கல் தரை. தனேஷ் மோட்டரை அதற்குள் விட்டான். கல் தெறித்தது. பின்சக்கரம் வழுக்கிப் பக்கவாட்டில் போனது. அவள் முனீஸ்வரரைக் கூப்பிடவில்லை. "அர்ஜுனா" என்று புருஷன் பெயரைச் சொல்லிக் கத்தினாள். வாழ்ந்த காலத்தில் ஒருநாளும் சொல்லாத பெயர். மோட்டர் காலிக் கூடைக் குவியலில் மெல்ல முட்டி நின்றது.

லோரி போய்விட்டது. பஸ்ஸும் போய்விட்டது. எஞ்சின் விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

முன் சக்கரத்திலிருந்து வெள்ளைப் புகை எழுந்தது. குங்குமம் சிதறி, சக்கரத்தைத் தாங்கும் இரண்டு பக்கத்துக் குழாய்களிலும் கோடு கோடாக வழிந்திருந்தது. தனேஷ் இறங்கித் தரையில் உட்கார்ந்தான். ஹெல்மெட்டின் வாரை அவிழ்க்க அவன் விரல்களால் முடியவில்லை. அவள் குனிந்து அவிழ்த்துவிட்டாள். அவள் விரலிலும் குங்குமம் இருந்தது.

"வித்துடறேன்க்கா" என்றான்.

இந்த வார்த்தைக்காகத்தான் மூன்று வாரம் தூங்காமல் கிடந்தாள். கேட்டாகிவிட்டது. சந்தோஷம் எங்கே என்று பார்த்தாள். பயம்தான் இருந்தது.

மோட்டர் வாங்கிய நாளிலிருந்து தனேஷ் அதை விடுவது ஜெலுத்தோங்கில் ஹஸ்ருலின் மோட்டர் ரிப்பேர் கடையில்தான். போன் போட்டதும் ஹஸ்ருல் கடையை மச்சானிடம் விட்டுவிட்டு, சின்ன லோரியை எடுத்துக்கொண்டு மலையேறி வந்தான். நாற்பது வயசு, தொப்பை, சிரித்த முகம். இறங்கியதும் மூக்கை உறிஞ்சினான்.

"யாருலா இங்க வட சுட்டது?"

யாரும் சிரிக்கவில்லை. அவனும் டிஸ்க்கைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினான். குந்தி உட்கார்ந்து முன் பிரேக்கைக் கழற்றினான். உள்ளே இருந்த பேட்களை எடுத்துப் புஷ்பவள்ளியிடம் காட்டினான்.

"இதுதான்க்கா டிஸ்க்க கவ்வறது. ரொட்டி மாரி எண்ணெய உறிஞ்சிக்கும். தொடச்சா போவாது. கழுவுனாலும் போவாது. தூக்கித்தான் போடணும். ஆயிரம் கம்ப்யூட்டர் வெச்சாலும் வழுக்கற இரும்ப ஒண்ணும் புடிக்க முடியாது."

"மோட்டர் மேல தப்பு இல்லியா?" என்று கேட்டாள்.

"மோட்டர் என்ன பண்ணும்? பின்னால இருக்கற சின்ன பிரேக்கு ஒங்க ரெண்டு பேரையும் நிறுத்திருக்கு. கை எடுத்துக் கும்புடுங்க."

"அவன விக்கச் சொன்னதே நான்தான்."

"நான் விக்கறேண்ணே. ஒங்க கடையிலேயே போர்டு மாட்டிடுங்க. அக்காக்கு சத்தியம் பண்ணிருக்கேன்" என்றான் தனேஷ், தரையைப் பார்த்துக்கொண்டே.

ஹஸ்ருல் லோரியிலிருந்து எடுத்து வைத்த புதுப் பேட்களைப் புஷ்பவள்ளி பார்த்தாள். பளபளக்கும் வட்டத்தைப் பார்த்தாள். இப்போதும் பூசைத் தட்டு மாதிரிதான் இருந்தது. யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

"வித்தா? வாங்கறவன் வீட்லயும் என்னாட்டம் ஒருத்தி இருப்பாடா. பயந்து பயந்து பொட்டு வெப்பா."

தனேஷ் நிமிர்ந்து பார்த்தான். ஹஸ்ருல் டிஸ்க்கில் மருந்து அடித்துத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். துணி சிவந்தது. வேறு துணி எடுத்தான்.

"ஹஸ்ருல் தம்பி, இப்படிப் பொட்டு வெச்ச மோட்டர் ஒங்க கடைக்கு இதுக்கு முன்ன வந்துருக்கா?"

அவன் கை நின்றது.

"வந்துருக்குக்கா."

"எத்தன?"

"உசுரோட ஓட்டிக்கிட்டு வந்து சேந்தத மட்டும்தான் என்னால சொல்ல முடியும்."

"அத சொல்லுங்க."

"ஆறு."